சான்றிதழ் பீரோவில், கத்தி கையில்

காப்புரிமைகள் குவிகின்றன. கருவிகள் எப்போது வந்து சேரும்?

அதிகாலை நாலு மணி. கேரளத்தின் வித்துராவிலிருந்து பொன்முடிக்கு ஏறும் சாலையோரம் நின்றால், ரப்பர் தோட்டங்களுக்குள் சின்னச் சின்ன வெளிச்சங்கள் மரத்துக்கு மரம் நகர்வது தெரிகிறது. பால்வெட்டுத் தொழிலாளர்களின் நெற்றி விளக்குகள் அவை. வெயில் ஏறிவிட்டால் பால் வடிவது குறைந்துபோகும். அதனால்தான் இந்த இருட்டு வேலை.

ஒருவர் பின்னால் நானும் நடந்தேன். முந்தைய வெட்டில் உறைந்து கிடந்த ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போட்டார். சிரட்டையைத் துடைத்து மாட்டினார். கத்தியை வெட்டுக்கோட்டின் மேல்முனையில் வைத்து, பாதத்தை நகர்த்திக்கொண்டே சாய்வாகக் கீழே இறக்கினார். ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் பட்டைச் சீவல் உதிர்ந்தது. அரை நிமிஷம்கூட ஆகவில்லை, கோடு முழுக்க வெள்ளையாகப் பால் பொடித்து நின்றது. இன்னும் ஒரு மில்லிமீட்டர் உள்ளே போயிருந்தால் மரத்தின் வளர்திசு காயப்பட்டிருக்கும். அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அங்கே கத்தி ஓடாது. ஆழம் குறைந்தாலோ பால் குறையும். இந்தக் கணக்கு அத்தனையும் அவர் மணிக்கட்டில் இருக்கிறது. ஒரு காலைக்கு முந்நூறு மரம்.

அவர் வீட்டுத் திண்ணையில் பேட்டரியில் ஓடும் பால்வெட்டு மெஷின் ஒன்று தூசி படிந்து கிடந்தது. பிளேடு மழுங்கியதும் மாற்று பிளேடு கிடைக்கவில்லையாம். மறுநாளே பழைய கத்தியைத் தீட்டி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

2014-15இல் இந்தியக் காப்புரிமை அலுவலகம் வழங்கிய காப்புரிமைகள் சுமார் ஆறாயிரம். 2023-24இல் அது ஒரு லட்சத்தைத் தாண்டியது. இயந்திரவியல், மின்னணுவியல், மருத்துவக் கருவி, வேளாண் கருவி என்று துறைதோறும் குவிகின்றன. நாடு பெருமைப்படுகிறது, படட்டும். முந்நூறு மரத்துக்கும் குனிந்து நிமிரும் அந்த முதுகுக்கு இதில் எத்தனை வந்து சேர்ந்தன என்பதுதான் என் கவலை.

இதயத்துக்குள் ஒரு கதவு

வந்து சேரவே சேராதா? சேரும். வித்துராவிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய திருவனந்தபுரத்திலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது.

வாதக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டுப்போன ஏழை நோயாளிகளுக்கு, இறக்குமதி வால்வின் விலை எட்டாத காலம் அது. ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில், அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் எம்.எஸ். வலியத்தானும் பொறியாளர்களும் உள்நாட்டிலேயே ஒரு வால்வு செய்யும் வேலையை எழுபதுகளின் இறுதியில் தொடங்கினார்கள்.

பார்க்கச் சின்னப் பொருள். ஒரு உலோக வளையம், அதற்குள் சாய்ந்து திறந்து மூடும் ஒரு வட்டத் தட்டு. ஆனால் அந்தத் தட்டு நாளொன்றுக்கு ஒரு லட்சம் தடவை, வருஷத்துக்கு ஏறக்குறைய நாலு கோடி தடவை அடித்து மூட வேண்டும். தேயக்கூடாது, உடையக்கூடாது, மேலே ரத்தம் கட்டக்கூடாது. முதல் மாதிரிகள் ஒவ்வொன்றாகத் தோற்றன. செயற்கை நீலக்கல்லில் தட்டு போட்ட மாதிரி ஒன்று, சோதனைக்கு வைத்த ஆட்டின் இதயத்திலேயே உடைந்தது. நாலாவது மாதிரியில் வளையத்துக்குக் கோபால்ட்-குரோமியம் கலப்பு உலோகம், தட்டுக்கு மிக உயர்ந்த மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன், தைப்பதற்குப் பாலியெஸ்டர் துணி என்று முடிவானது. 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளியின் நெஞ்சில் அது பொருத்தப்பட்டது. சித்ரா வால்வு என்ற பெயரில் இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பொருத்தப்பட்டிருக்கிறது.

இது எப்படி நடந்தது? வால்வு தேவைப்பட்ட ஆஸ்பத்திரியும், அதைக் கடைந்து பார்க்கும் ஆய்வுக்கூடமும் ஒரே நிறுவனத்தின் கீழ் இருந்தன. ஆஸ்பத்திரியில் தெரியும் குறை பூஜப்புரையில் இருக்கும் ஆய்வுப் பிரிவுக்கு அன்றைக்கே போய்ச் சேரும். பிறகு அதே ஊரில் தொழிற்சாலையும் வந்தது. பத்து வருஷத்துக்கு மேல் தோல்விகளைத் தாங்கிக்கொள்ளப் பணமும் பொறுமையும் இருந்தன. இவை இல்லாமல் காப்புரிமை மட்டும் இருந்திருந்தால், அந்த வால்வு இன்றைக்கு ஒரு கோப்பாகக் கிடந்திருக்கும்.

அண்மைக் கால உதாரணம், 2018இல் அதே ஊரில் சில இளைஞர்கள் களத்தில் இறக்கிய 'பேண்டிகூட்'. மேன்ஹோலுக்குள் ஆள் இறங்குவதற்குப் பதில் கேமராவும் இயந்திரக் கையும் இறங்குகின்றன. அங்கேயும் வாங்கிப் பயன்படுத்த ஓர் அரசுத் துறை முன்வந்ததால்தான் இயந்திரம் தெருவுக்கு வந்தது.

செம்பேரியின் தென்னைமரம்

தென்னை ஏற ஆள் கிடைக்காத கேரளத்தில், கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த எம்.ஜே. ஜோசப் ஒரு மரமேறும் கருவி செய்தார். மரத்தைச் சுற்றிக் கம்பிவடம், காலுக்கு ஒன்றாக இரண்டு மிதிகள். ஒரு காலில் பாரத்தை ஊன்றினால் மற்ற கால் தளர்ந்து மேலே நகரும். பட்டப்படிப்பு இல்லாத விவசாயியின் மூளையில் உதித்தது. தேசிய புத்தாக்க அறக்கட்டளையின் உதவியோடு காப்புரிமையும் கிடைத்தது. 2011இல் தென்னை வளர்ச்சி வாரியம் 'தென்னை மரத்தின் தோழர்கள்' என்ற பயிற்சியைத் தொடங்கியபோது, பெண்களும் இளைஞர்களும் அந்த வகைக் கருவியில்தான் மரமேறக் கற்றார்கள். இன்றும் கடையில் 'செம்பேரி மாடல்' என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

ஒரு கருவிக்கு இதைவிடப் பெரிய விருது கிடையாது. ஆனால் ஊர்ப்பெயரில் ஒரு கருவி பரவும்போது, செய்தவர் கைக்கு என்ன திரும்பி வரும்? பட்டறைக்குப் பட்டறை அதே மாதிரி வெல்டிங் அடித்து விற்றால், ஒவ்வொருவர் மேலும் வழக்குப் போட எந்த விவசாயியால் முடியும்?

கட்டணமும் காவலும்

காப்புரிமைக்குத் தனிநபர் இணையவழியில் விண்ணப்பிக்கக் கட்டணம் 1,600 ரூபாய். இது பலருக்கும் தெரியாது. தெரிந்தால் தைரியம் வரும். உரிமை விண்ணப்பித்த நாளிலிருந்து இருபது வருஷம். மூன்றாம் வருஷத்திலிருந்து ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தொடக்கத்தில் 800 ரூபாய், கடைசி ஐந்து வருஷங்களில் ஆண்டுக்கு 8,000. புதுப்பிப்பை மட்டும் கூட்டிப் பார்த்தால் இருபது வருஷத்துக்கு 72,800 ரூபாய். விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவரின் சம்பளம் தனி. ஒரு வருஷம் கட்டத் தவறினாலும் உரிமை கைநழுவத் தொடங்கும்.

இன்னொரு பள்ளமும் இருக்கிறது. செய்த கருவியைப் பெருமையோடு ஓட்டிக் காட்டி வீடியோ போட்டுவிட்டுப் பிறகு விண்ணப்பித்தால், 'இது ஏற்கெனவே ஊரறிந்தது' என்று தள்ளிவிடலாம். முதலில் தற்காலிக விண்ணப்பம் போட்டுத் தேதியைப் பிடித்துவைக்க வேண்டும். முழு விவரம் தர அதன்பின் பன்னிரண்டு மாத அவகாசம் உண்டு. இந்த ஒரு தகவலைப் பட்டறைச் சுவரில் எழுதி ஒட்டலாம்.

காப்புரிமை என்ற காவல் இல்லாவிட்டால் யாரும் பணம் போட மாட்டார்கள் என்று வல்லுநர்கள் வாதிடுவார்கள். அதிலும் நியாயம் உண்டு. ஆனால் காவல் போட்ட வீட்டுக்குள் ஆள் குடியிருக்க வேண்டாமா?

மலைக்கும் தோட்டத்துக்கும் நடுவே

வித்துராவில் 'ஐசர்' என்ற இந்திய அறிவியல் கல்வி ஆய்வு நிறுவனத்தின் பரந்த வளாகம் இருக்கிறது. அடிப்படை அறிவியலுக்கான இடம் அது. பால்வெட்டு மெஷின் செய்வது அதன் வேலை என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு மில்லிமீட்டரை உணர்ந்து, கரடுமுரடான பட்டையில் ஆழம் மாறாமல் வெட்டுவது சாதாரணக் கணக்கா? இயந்திரவியலும் மின்னணுவியலும் சேர்ந்து தீர்க்க வேண்டிய உயர்தரச் சிக்கல் அது. அதைத் தீர்க்கத் தேவையான பாடம் அந்தப் பால்வெட்டுக்காரரின் மணிக்கட்டில் இருக்கிறது. அந்த மணிக்கட்டையும் ஆய்வுக்கூடத்தையும் ஒரே மேஜைக்குக் கொண்டுவரும் பட்டறை நடுவில் இல்லை.

பாடம் சொல்லித் தந்தவருக்குப் பங்கு கொடுக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு இந்த மலையே பதில் சொல்லும். 1987இல் அகத்தியர் மலைக் காட்டுக்குப் போன ஆய்வாளர்களுக்கு, வழிகாட்ட வந்த காணி மக்கள் ஆரோக்கியப்பச்சை என்ற செடியைக் காட்டிக் கொடுத்தார்கள். அதிலிருந்து, பாலோடு என்ற ஊரில் இருக்கும் தாவரவியல் தோட்ட ஆய்வு நிறுவனம் 'ஜீவனி' மருந்தை உருவாக்கியது. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணி மக்களுக்கு என்று முடிவு செய்து, அதற்காக ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. மூலிகை சொன்னவருக்குப் பங்கு உண்டென்றால், மெஷின் எங்கே தவறுகிறது என்று சொல்பவருக்கும் இருக்க வேண்டும். காப்புரிமைப் பத்திரங்களில் ஒரு பால்வெட்டுத் தொழிலாளியின் பெயர் கண்டுபிடிப்பாளராக ஏற வேண்டும் என்பது என் ஆசை.

காப்புரிமை பெற்றவர்கள் அதைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்களா என்று படிவம் 27இல் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். நம் கல்லூரிகளும் ஆய்வு நிறுவனங்களும் வருஷ அறிக்கையில் காப்புரிமை எண்ணிக்கையை அச்சடிக்கும்போது, பக்கத்திலேயே இந்தப் பதிலையும் அச்சடிக்கட்டும். எத்தனை பெற்றோம், எத்தனை தோட்டத்துக்குப் போயின என்று இரண்டு எண்ணும் ஒரே வரியில் வரட்டும்.

அன்று காலை ஏழரை மணிக்குக் கடைசி மரத்தை வெட்டி முடித்தவர், கத்தியைத் துணியில் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டார். திண்ணையில் மெஷின் அப்படியே கிடந்தது. வித்துரா ஜங்ஷன் ஹார்ட்வேர் கடையில் அதற்கு ஒரு மாற்று பிளேடு கேட்டவுடன் கிடைக்கிற நாளில்தான், அந்தக் கண்டுபிடிப்பு முடிந்தது என்று நான் எழுதுவேன்.