கண்ணாடிக் கட்டடத்தினுள் நம் பிள்ளைகள்

சென்ற முறை ஊருக்குச் சென்றிருந்தபோது, மஃரிப் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தேன். ஜவுளிக்கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் வந்து அருகில் அமர்ந்தார். அவருடைய மகன் சென்னையில் ஒரு பெரிய கணினி நிறுவனத்தில் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. சற்று நேரம் தயங்கிவிட்டுத் தணிந்த குரலில் கேட்டார்:

"தம்பி, மகன் தினமும் ஆபீசுக்குப் போகிறான், வருகிறான். ஆனால் இரண்டு மாதமாக வேலை ஒன்றும் கொடுக்கவில்லையாம். கேட்டால், 'பெஞ்சில் இருக்கிறேன் வாப்பா' என்கிறான். பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்துவார்களே, அதுபோல ஏதாவது தண்டனையா? இல்லை, வேலை போனதை எங்களிடம் மறைக்கிறானா?"

வாசக அன்பர்களே, இந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரித்துவிட எனக்கு மனம் வரவில்லை. கடையில் வியாபாரம் படுத்தால் என்ன செய்வது என்று நம் குடும்பங்களுக்குத் தெரியும். வளைகுடாவில் இருக்கும் பிள்ளைக்கு விசா முடிந்தால் என்ன செய்வது என்றும் தெரியும். ஆனால் கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு கண்ணாடிக் கட்டடத்துக்குள் நுழையும் பிள்ளை அங்கே என்ன செய்கிறான், எதற்காக அவனுக்குச் சம்பளம், எதைக் கண்டு அவன் அஞ்சுகிறான் என்பது பெரும்பாலான பெற்றோருக்குத் தெரிவதில்லை. இத்தகைய நிறுவனமொன்றில் பன்னிரண்டு ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், நான் அறிந்ததை உங்களிடம் கூற விரும்புகிறேன்.

அங்கே விற்கப்படுவது என்ன?

டாட்டா கன்சல்டன்சி 1968ஆம் ஆண்டு மும்பையில் தொடங்கப்பட்டது. இன்ஃபோசிஸ் 1981இல் ஏழு பொறியாளர்களால் புனேயில் தொடங்கப்பட்டது. விப்ரோவின் வரலாறு இன்னும் வியப்பானது. 1945இல் மகாராஷ்டிரத்தின் அமல்னேர் என்ற ஊரில் சமையல் எண்ணெய் நிறுவனமாகத் தோன்றியது அது. 1966இல் தந்தை காலமானபோது, அமெரிக்காவில் படிப்பைப் பாதியில் விட்டுவந்து பொறுப்பேற்ற 21 வயது அஸீம் பிரேம்ஜி, பின்னாளில் அதைக் கணினித் துறைக்குக் கொண்டுவந்தார். காக்னிசன்ட் 1994இல் நம் சென்னையிலேயே பிறந்தது. 2000ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. அதன்பின் பழைய மகாபலிபுரம் சாலை நெடுகிலும் சிறுசேரி வரை கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன.

இந்நிறுவனங்கள் முதன்மையாக விற்பது மனிதரின் உழைப்பு நேரம். இலண்டனில் உள்ள ஒரு வங்கியையோ நியூயார்க்கில் உள்ள ஒரு காப்பீட்டு நிறுவனத்தையோ எண்ணிப் பாருங்கள். அவர்களுக்குப் பல நூறு கணினி நிரல்கள் ஓயாமல் ஓட வேண்டும். பழுதானால் உடனே சரிசெய்யப்பட வேண்டும். புதியன எழுதப்பட வேண்டும். அத்தனைக்கும் தங்கள் நாட்டிலேயே ஆள் வைத்தால் செலவு மிகுதி. ஆகவே, "இத்தனை பேர், இத்தனை மணி நேரம், இன்ன விலை" என்றோ, "இந்த வேலையை இத்தனை மாதத்தில் முடித்துத் தர இன்ன தொகை" என்றோ நம் நாட்டு நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொள்கின்றனர். அந்த ஒப்பந்தப் பணியைத்தான் பிள்ளைகள் 'புராஜெக்ட்' என்கின்றனர். வேலை தரும் வெளிநாட்டு நிறுவனம் 'கிளையன்ட்'. எந்தப் பணிக்கு எத்தனை மணி நேரம் செலவழித்தோம் என்று ஒவ்வொருவரும் தவறாமல் பதிந்து வைக்கும் கணக்கு 'டைம்ஷீட்'.

பெஞ்சு என்றால் என்ன?

ஒரு புராஜெக்ட் முடிந்து அடுத்தது கிடைக்கும் வரை உள்ள இடைவெளியே பெஞ்சு. மாதச் சம்பளம் வரும். ஆனால் அந்த நாட்களில் அவனுடைய நேரத்துக்குக் கிளையன்ட் எவரும் பணம் தருவதில்லை. பெரியவரிடம் அவருடைய தொழிலை வைத்தே விளக்கினேன். "மாமா, பெருநாளுக்கு முன்பே துணியை வாங்கிக் கிடங்கில் அடுக்கி வைக்கிறீர்கள். விற்காத நாட்களில் அது கெட்ட சரக்கா?" என்றேன். "கெட்டது இல்லை. ஆனால் முதல் முடங்கிக் கிடக்குமே, அடுத்த பெருநாள் வரை வைத்திருக்க முடியுமா?" என்றார். பல ஆண்டுகள் அங்கே இருந்து நான் கற்றதை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

பெஞ்சு தண்டனை அன்று. திடீரென்று புது ஒப்பந்தம் வந்தால் ஆள் வேண்டுமே என்பதற்காக நிறுவனமே வைத்திருக்கும் கையிருப்பு. எனினும் அது நீண்டால் ஆபத்து. 2025 ஜூன் மாதத்தில் நாட்டின் மிகப் பெரிய கணினி நிறுவனமான டாட்டா கன்சல்டன்சி, ஊழியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 225 நாட்களாவது கிளையன்ட் பணியில் இருக்க வேண்டும், பெஞ்சு 35 நாட்களைத் தாண்டக் கூடாது என்று விதி வகுத்தது. அடுத்த மாதமே சுமார் 12,000 பேரை, அதாவது மொத்த ஊழியரில் இரண்டு விழுக்காட்டினரைக் குறைக்கப்போவதாகவும் அறிவித்தது.

இங்கே என் கதையையும் சொல்லியாக வேண்டும். 2008இன் இறுதியில் அமெரிக்க வங்கிகள் சரிந்தபோது எங்கள் புராஜெக்ட் ஒரே வாரத்தில் நின்றுபோனது. 2009இல் ஐந்து மாதங்கள் பெஞ்சில் இருந்தேன். காலையில் பேருந்து ஏறிப் போய், உணவகத்து மேசையில் அமர்ந்திருந்துவிட்டு, மாலையில் திரும்புவேன். என்னோடு அமர்ந்திருந்தவர்களில் ஒவ்வொருவராக அழைக்கப்பட்டு, அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். வீட்டில் கேட்டால், இல்லாத ஒரு புராஜெக்டைப் பற்றிக் கதை கட்டினேன். தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. உண்மையைச் சொன்னால் வாப்பா உடைந்துவிடுவார் என்று எண்ணினேன்.

சில ஆண்டுகள் கழித்து அதை வாப்பாவிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "கடையில் போணியாகாத நாளெல்லாம் உங்களைக் கூட்டி வைத்துச் சொல்லியிருக்கிறேனே. நீ ஏன் சொல்லவில்லை?" என்றார். இன்றுவரை அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஒரு நாள் எப்படிக் கழிகிறது?

காலையில் குழுவினர் கூடி, நேற்று முடித்ததையும் இன்று முடிக்க வேண்டியதையும் ஆளுக்கு இரண்டு நிமிடம் சொல்ல வேண்டும். பிறகு நிரல் எழுதுதல், பிறர் எழுதியதைச் சோதித்தல், கிளையன்ட் அனுப்பிய குறைகளைக் களைதல் எனப் பகல் போகும். புதிதாக எழுதுவதைவிட, யாரோ பத்தாண்டுகளுக்கு முன் எழுதியதைப் படித்துப் புரிந்துகொள்ளும் வேலையே மிகுதி.

சென்னையில் மாலை ஏழு மணி ஆகும்போது நியூயார்க்கில் கோடைக்காலமானால் காலை ஒன்பதரை, குளிர்காலமானால் எட்டரை. கிளையன்ட் வேலைக்கு வரும் நேரம் அது. ஆகவே முக்கியமான பேச்செல்லாம் நம் இரவு நேரத்தில்தான். வீட்டுக்கு உறவினர் வந்திருக்கும்போது மகன் கதவைச் சாத்திக்கொண்டு ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருப்பான். "வந்தவர்களுக்கு ஸலாம் சொல்லக்கூட வெளியே வரவில்லையே" என்று மனம் வருந்தும் தாய்மார்களே, அவன் மரியாதை மறந்தவன் அல்லன். கடல் கடந்து பத்துப் பேர் அவன் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ பற்றிப் பலர் கேட்கின்றனர். வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே மேலாளரிடம் சொல்லி, அலுவலக நாட்காட்டியில் அந்த நேரத்தைக் குறித்து வைத்துவிடுவதே நல்லது. நான் பணியாற்றிய காலத்தில் ஒரு மேலாளரும் அதை மறுத்ததில்லை. முன்கூட்டிச் சொல்லாமல் கூட்டத்தின் நடுவே எழுந்து போனால்தான் மனக்கசப்பு வருகிறது.

சம்பளக் கணக்கு

வளாகத் தேர்வில் புதியவருக்கு அறிவிக்கப்படும் சம்பளம் பெரும்பாலும் ஆண்டுக்கு மூன்று முதல் மூன்றரை இலட்சம்தான். பத்தாண்டுகளுக்கும் மேலாக அது பெரிதாக உயரவில்லை. 3,36,000 ரூபாய் என்றால் மாதம் 28,000 என்று வகுத்துப் பார்த்துவிட வேண்டாம். நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, காப்பீடு எல்லாம் அந்தத் தொகைக்குள் அடங்கும். அவன் பங்குக்கான வைப்பு நிதியும் சம்பளத்தில் பிடிக்கப்படும். ஒரு பகுதி, நிறுவனத்தின் இலாபத்தையும் அவனுடைய மதிப்பீட்டையும் பொறுத்துக் கூடவோ குறையவோ செய்யும். கைக்கு வருவது சில ஆயிரம் குறைவாகவே இருக்கும். சென்னையில் அறை வாடகையும் சாப்பாடும் போனால் மிஞ்சுவது எவ்வளவு என்று நீங்களே கணக்கிடலாம். முதல் சம்பளம் வந்ததும் அவன் பெயரில் தவணைக்கு வாகனம் வாங்கச் சொல்லாதீர்கள். வேறு வேலை தேடும் துணிவைத் தவணையே தின்றுவிடும்.

வேலையை விட்டு விலகப் பல நிறுவனங்களில் 90 நாட்கள் முன்னறிவிப்புத் தர வேண்டும். சேரும்போதே ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்துக் கையொப்பமிடச் சொல்லுங்கள்.

ஆன்சைட் என்னும் ஆசை

கிளையன்டின் நாட்டுக்கே அனுப்பப்படுவதுதான் ஆன்சைட். பெண் பார்க்க வருபவர்கள்கூட, "மாப்பிள்ளைக்கு ஆன்சைட் உண்டா?" என்று கேட்கும் காலம் இது. அதற்கு யாராலும் உறுதி தர இயலாது. அமெரிக்காவின் எச்-1பி விசாக்கள் தனியார் நிறுவனங்களுக்கு ஆண்டுக்கு 85,000 என்ற வரம்புக்குள்ளேயே வழங்கப்படுகின்றன. விண்ணப்பிப்போரோ அதைவிட மிகுதி. 2025 செப்டம்பரில், வெளிநாட்டிலிருந்து புதிதாக அழைத்துவரப்படும் ஒருவருக்கு ஒரு இலட்சம் டாலர் கட்டணம் என்றும் அந்நாட்டு அதிபர் அறிவித்தார். வராத விசாவை நம்பி நிச்சயதார்த்தம் செய்யாதீர்கள். சென்னையில் இருக்கும் மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

மகள் போகலாமா?

தாராளமாகப் போகலாம், ஆனால் சட்டம் தெரிந்து போகட்டும். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் இடத்தில் பாலியல் தொல்லை பற்றிய புகார்களை விசாரிக்க உள்குழு இருந்தாக வேண்டும். அதன் உறுப்பினர் யார் என்பதை அவள் முதல் மாதமே அறிந்திருக்க வேண்டும். 2017 முதல், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்துடன் கூடிய பேறுகால விடுப்பு உண்டு. இரவுப் பணி என்றால் நிறுவன வாகனமும் உடன் வரும் காவலரும் உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இந்தத் துறையில் நான் கண்ட திறமையான குழுத் தலைவர்களில் பலர் பெண்களே. குழந்தை பிறந்தபின் அவர்களில் பாதிப் பேர் விலகியதற்குக் காரணம் திறமைக் குறைவன்று. மாலை ஏழு மணிக்குக் குழந்தையை வாங்கிக்கொள்ள வீட்டில் ஒரு கை இல்லாமற்போனதே காரணம்.

எச்சரிக்கை இரண்டு

"பணம் கட்டினால் பெரிய நிறுவனத்தில் வேலை" என்று சொல்லும் தரகர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். பெரிய நிறுவனங்கள் எவையும் வேலைக்குப் பணம் வாங்குவதில்லை.

இரண்டாவது, பொய் அனுபவச் சான்றிதழ். மூன்றாண்டு வேலை பார்த்ததாகத் தாள் தயாரித்துத் தருவோர் உண்டு. சேர்ந்தபின் நிறுவனம் பழைய வைப்பு நிதிக் கணக்கு முதற்கொண்டு விசாரிக்கிறது. அகப்பட்டால் அன்றே வெளியேற்றம். அந்தக் கறை அடுத்த நிறுவனத்துக்கும் தொடரும்.

சரி, பெஞ்சில் இருப்பவன் என்ன செய்ய வேண்டும்? படிக்க வேண்டும். நிறுவனமே இலவசமாகப் பாடங்களைத் திறந்து வைத்திருக்கிறது. தேர்வெழுதிச் சான்று பெறலாம். உள்ளே எந்தக் குழுவுக்கு ஆள் தேவை என்று தானே தேடிப் போய்க் கேட்க வேண்டும். நிரல் எழுதுவதில் ஒரு பகுதியைச் செயற்கை நுண்ணறிவே செய்யத் தொடங்கிவிட்ட இக்காலத்தில், கற்பதை நிறுத்தியவனுக்கு எந்தப் பெயர்ப்பலகையும் காவல் இல்லை.

இவற்றையெல்லாம் கேட்டுவிட்டுப் பெரியவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவனிடம் தினமும் 'வேலை கொடுத்தார்களா' என்று கேட்கிறேன் தம்பி. அதனால்தான் போனை எடுக்கமாட்டேன் என்கிறானோ?" என்றார். வேறு என்ன கேட்கலாம் என்றார். "இன்று என்ன படித்தாய் என்று கேளுங்கள் மாமா. கடையில் இன்றைக்கு எவ்வளவு போணி என்பதையும் அவனிடம் சொல்லுங்கள்" என்றேன்.

இஷாவுக்கு பாங்கு சொல்லும் வரை நேரம் இருந்தது. திண்ணையின் ஓரமாகப் போய் நின்று மகனை அழைத்தார். "இன்றைக்குக் கடையில் ஈயாடுகிறதப்பா" என்று அவர் தொடங்கியது என் காதில் விழுந்தது. பாங்கு சொல்லும் வரை அவர் பேசிக்கொண்டே இருந்தார்.