டொக்கு விழுந்த கதவு சொன்ன சாட்சி

இப்போதெல்லாம் பல வீடுகளில் காரை அதிகம் எடுப்பது பெண்கள்தான். பிள்ளைகளை டியூஷனில் விட, மாமியாரைக் கண் டாக்டரிடம் காட்ட, மளிகை வாங்க என்று எல்லாவற்றுக்கும் நாம்தான். ரோட்டில் ஜாக்கிரதையாக ஓட்டிவிடுகிறோம். வம்பு வருவது வண்டி நிறுத்தும் இடத்தில். ஊர்ந்து போகும் வேகத்தில் ஒரு 'டொக்', உடனே ஒரு பஞ்சாயத்து. அதில் உரக்கக் கத்துபவர் பக்கமே நியாயம் என்றாகிவிடுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சென்ற வைகாசியில் திருச்சியில் உறவினர் கல்யாணம். மண்டபத்து பார்க்கிங்கில், நடுவில் இருக்கும் பாதையில் மெதுவாக நேரே போய்க்கொண்டிருந்தேன். இடதுபுறம் நின்றிருந்த கார் ஒன்று சட்டென்று ரிவர்ஸில் வந்து என் காரில் இடித்தது. இறங்கியவர் தன் பம்பரைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, பாத்து வரக் கூடாதா? ஐயாயிரம் செலவு வெச்சுட்டீங்களே!" என்றார். வாட்ச்மேன் ஓடி வந்து, "லேடீஸ் ஓட்டினாலே இப்படித்தான் சார்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். இத்தனைக்கும் அவர் அந்தப் பக்கம் திரும்பி யாரோடோ பேசிக்கொண்டிருந்தவர்! வீட்டுக்காரருக்குப் போன் போட்டால், "கல்யாண வீட்ல எதுக்கு வம்பு, கொடுத்துட்டு வா" என்கிறார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. "அண்ணா, ரெண்டு வண்டியும் அப்படியே நிக்கட்டும், போட்டோ எடுத்துக்கறேன்" என்றேன். என் நாத்தனார் சுற்றிச் சுற்றி எடுத்தாள். இரண்டு நம்பர் பிளேட்டும் தெரிகிற மாதிரி தூரத்திலிருந்து ஒன்று, அடிபட்ட இடங்கள் கிட்டத்திலிருந்து, சக்கரங்கள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்பது, தரையில் போட்டிருந்த வெள்ளைக் கோடு. போட்டோவைப் பார்த்ததும் எனக்கே தெம்பு வந்தது. என் கார் முன்பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. டொக்கு விழுந்தது இடது பின்கதவில். அவர் காரில் அடிபட்டது பின் பம்பர் மூலை. நான் போய் அவரை இடித்திருந்தால் என் வண்டியின் மூக்கல்லவா நசுங்கியிருக்க வேண்டும்? முன்கதவு தாண்டிப் போன பிறகு பின்கதவில் இடித்திருக்கிறார் என்றால், என் கார் பாதியைக் கடந்த பிறகுதான் அவர் வந்திருக்கிறார். இதைச் சொன்னதும் அவர் குரல் இறங்கிவிட்டது. மேனேஜரிடம் போய் காமிரா பதிவையும் அன்றைக்கே கேட்டு வாங்கினேன். நாலு நாள் கழித்துப் போனால், பழைய பதிவின் மேல் புதியது ஏறி அழிந்திருக்கும்.

பின்னால் ஆபத்தோ இடைஞ்சலோ இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே ரிவர்ஸ் எடுக்க வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டு மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளிலேயே இருக்கிறது. ஆகவே பாதையில் போகிறவருக்கும் ரிவர்ஸ் எடுப்பவருக்கும் தகராறு வந்தால், பொறுப்பு பெரும்பாலும் ரிவர்ஸ் எடுத்தவர் தலையில்தான். எதிரெதிரே நின்ற இரண்டு கார்களும் ஒரே நேரத்தில் பின்னால் வந்து முட்டிக்கொண்டால் ஆளுக்குப் பாதி. சும்மா நின்ற வண்டியில் இடித்தால் பேச்சே கிடையாது. பார்க்காமல் கதவைத் திறந்து, வருகிற வண்டியில் பட்டால் திறந்தவர்தான் பதில் சொல்ல வேண்டும். (பிள்ளைகள் பின்சீட்டில் இருந்தால் இது நமக்கும் நடக்கும்!)

இனி பணக் கதை. ஒர்க்ஷாப்பில் டிங்கரிங், பெயின்ட் சேர்த்து 6,200 ரூபாய் என்றார்கள். இன்சூரன்ஸில் போட்டுவிடலாமே என்று பாலிசி போட்டுக்கொடுத்த ஏஜெண்டைக் கேட்டேன். "அக்கா, கொஞ்சம் பொறுங்க" என்று ஒரு தாளை எடுத்தார்.

சட்டப்படி இடித்தவருடைய தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸில் நம் நஷ்டத்தைக் கேட்கலாம். ஆனால் அதற்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் வரை போக வேண்டும். ஆறாயிரம் ரூபாய்க்கு யார் அலைவது? நம்முடைய முழு பாலிசியில் கேட்டால், தப்பு யாருடையது என்று பார்க்காமல் கொடுப்பார்கள். (வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் நம் காருக்கு ஒன்றும் வராது.) ஆனால் முதல் 1,000 ரூபாய் வழக்கமாக நம் கையிலிருந்து, 1,500 சி.சி.க்கு மேற்பட்ட கார் என்றால் 2,000. பம்பர் போன்ற பிளாஸ்டிக் சாமான் மாற்றினால், தேய்மானம் என்று பாதி விலையைக் கழித்துவிடுவார்கள். 'ஜீரோ டெப்' எடுத்தவர்களுக்கு அந்தக் கழிவு இல்லை.

இதெல்லாம் சில்லறை. பெரிய அடி, நோ கிளெய்ம் போனஸில். கிளெய்ம் வாங்காத ஒவ்வொரு வருஷத்துக்கும் நம் கார் சேதத்துக்கான பிரீமியத்தில் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று தள்ளுபடி ஏறும். ஒரே ஒரு கிளெய்ம் வாங்கினால், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும், தள்ளுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஜீரோ டெப் இருந்தாலும் இதில் தப்ப முடியாது. போனஸைக் காப்பாற்றத் தனியாகப் பணம் கட்டி இன்னொரு சேர்க்கை எடுத்திருக்க வேண்டும். எனக்கு அடுத்த புதுப்பிப்பில் 50 சதவீதம் வர வேண்டியது. தள்ளுபடிக்கு முன் பிரீமியம் 8,000. கிளெய்ம் வாங்கினால் முதல் வருஷம் 4,000 போச்சு. அடுத்து 50-க்குப் பதில் 20 என்பதால் 2,400. பிறகு 2,000, 1,200, 400. ஐந்து வருஷத்தில் மொத்தம் 10,000! பிரீமியம் ஆண்டுக்காண்டு குறைந்தால் இதிலும் கொஞ்சம் குறையும். அப்படியும் கைக்கு வரும் ஐயாயிரத்துக்காக அதைவிட அதிகம் இழப்பது என்ன கணக்கு?

ஆகவே அந்த மனிதரையே பிடித்தேன். இரண்டாயிரத்தில் ஆரம்பித்து, போட்டோவை மறுபடி காட்டியதும் ஐயாயிரத்துக்கு வந்தார். ஆம், என்னிடம் கேட்ட அதே ஐயாயிரம்! தேதி, இடம், இரண்டு வண்டி நம்பர், 'இத்துடன் இந்த விவகாரம் முடிந்தது' என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். அப்படி எழுதிக் கொடுத்த பிறகு அதே டொக்குக்கு இன்சூரன்ஸிலும் கேட்க முடியாது.

அவர் ஆறாயிரத்துக்குப் பதில் நாற்பதாயிரத்துக்குச் சேதம் செய்திருந்தால் கணக்கே வேறு, கண்ணை மூடிக்கொண்டு கிளெய்ம் வாங்கியிருப்பேன். அதை ரிப்பேருக்கு விடும் முன்பே முடிவு செய்ய வேண்டும். சரிசெய்த பிறகு கம்பெனிக்குச் சொன்னால் சர்வேயர் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? யாருக்காவது உடம்பில் அடிபட்டிருந்தால் தனியாகப் பேசி முடிக்கவே கூடாது. ஆஸ்பத்திரி, போலீஸ், கம்பெனி மூன்றுக்கும் சொல்லியாக வேண்டும்.

இன்னொன்று. கம்பெனியின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் 'தப்பு என்னுடையதுதான், பணம் தருகிறேன்' என்று வாக்குக் கொடுக்கக் கூடாது என்பது பாலிசியிலேயே ஒரு நிபந்தனை. பெரிய சேதத்தில் பதற்றத்தில் அப்படிச் சொல்லிவைத்தால், பிறகு கம்பெனி அதையே காட்டி நழுவ இடமுண்டு. நம் போனஸ் எத்தனை சதவீதம் என்பதும் பாலிசியில் பிரீமியக் கணக்குப் போட்டிருக்கும் இடத்திலேயே இருக்கும். பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருப்பதை ஒருநாள் எடுத்துப் பாருங்களேன்.

- ஒரு வாசகி, திருச்சி.