கைகோத்த ஆய்வுகள் – 7: திருவள்ளூரின் பி.சி.ஜி. சோதனை

காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசி பற்றி உலகில் நடந்த மிகப் பெரிய களச் சோதனைகளுள் ஒன்றுக்கு இடம் தந்தவை திருவள்ளூரும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களும். 1968 முதல் 1971 வரை இங்கு ஊசி போடப்பட்டது. அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தின் பகுதியாக இருந்ததால், ஆய்வுலகில் அது ‘செங்கல்பட்டு சோதனை’ என்றே அறியப்படுகிறது.

இத்தகைய கூட்டாய்வு இதற்கு முன்பே சென்னை சேத்துப்பட்டில் நடந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் 1956-ல் அங்கே காசநோய் மருந்தாய்வு மையத்தைத் தொடங்கின. சானடோரியத்தில் படுத்துச் சிகிச்சை பெறுவோருக்கும், நெருக்கடியான வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடுவோருக்கும் குணமாவதில் வேறுபாடு உண்டா என்பதே முதல் கேள்வி. வீட்டுச் சிகிச்சை ஏறக்குறைய அதே பலனைத் தருகிறது என்று 1959-ல் விடை வெளியானது; உடன் வசிப்போருக்கும் கூடுதல் ஆபத்து இல்லை என்பதும் தெரியவந்தது. சேத்துப்பட்டில் நால்வரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தது அந்தக் கேள்விதான்.

திருவள்ளூரில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையும் சேர்ந்தன. கோபன்ஹேகன், பாரிஸ் என இரு வகைத் தடுப்பூசிகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. ஆனால் சோதனையின் உயிர் களப்பணியில் இருந்தது. வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள், தோலில் ஊசியிட்டுச் சோதித்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், சளி மாதிரி சேகரித்தார்கள். சுமார் 2,60,000 பேருக்குத் தடுப்பூசியோ மருந்தில்லா ஊசியோ போடப்பட்டது. யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது. பின்னர் அதே வீடுகளுக்கு ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பச் சென்றார்கள். இந்த உழைப்பு கட்டுரைத் தலைப்புகளில் தெரியாது. அது இல்லாமல் எந்த முடிவும் கிடைத்திருக்காது.

1979-ல் வெளியான முடிவு பலரையும் அதிரவைத்தது. சளியில் கிருமி காணும் நுரையீரல் காசநோயிலிருந்து தடுப்பூசி பாதுகாப்பு தரவில்லை. பிரிட்டனில் பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதினரிடம் நடந்த சோதனையோ உயர்ந்த பலனைக் காட்டியிருந்தது. நம் மண்ணிலும் நீரிலும் உள்ள காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த வேறு மைகோபாக்டீரியாக்களின் பழக்கம் காரணமாகலாம் என்பது ஒரு விளக்கம். எதிர்பார்த்தது பொய்த்தபோதும் அதை மறைக்காமல் வெளியிட்டதே இக்கூட்டு முயற்சியின் பெரும் சாதனை. குழந்தைகளைக் காசநோய் மூளைக்காய்ச்சலிலிருந்து காப்பதால் பிறந்தவுடன் பி.சி.ஜி. போடுவது தொடர்கிறது.

1999-ல் திருவள்ளூர் மாவட்டத்தின் ஒரு பகுதியில், நேரடிக் கண்காணிப்பில் மருந்து தரும் டாட்ஸ் சிகிச்சை தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் எடுத்த மூன்று கணக்கெடுப்புகள் நோயின் பரவல் ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததைக் காட்டின.

1968-ல் ஓர் ஆளைத் தேட ஊரும் வீட்டு எண்ணும் பெரும்பாலும் போதுமானவை. இன்றோ, இம்மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை செய்து வாடகை அறையில் தங்கும் வடமாநிலத் தொழிலாளி சிகிச்சை நடுவில் சொந்த ஊர் திரும்பிவிடலாம். அவரது சிகிச்சைப் பதிவு அங்கும் தொடர, 2012-ல் தொடங்கிய, காசநோயாளிகளுக்கான நிக்‌ஷய் பதிவு முறை உதவுகிறது.