திறந்த தேதியைப் புட்டியில் எழுதுங்கள்: சிபிடி எண்ணெய் எத்தனை நாள் தாங்கும்?

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சிபிடி எண்ணெய் வாங்க மருந்துக் கடைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. கஞ்சாச் செடியிலிருந்து பிரித்தெடுத்த கன்னாபிடியோல் (சுருக்கமாக சிபிடி) என்ற பொருளை ஏதாவதோர் எண்ணெயில் கரைத்து, சொட்டுக் குழாயோடு சின்னப் புட்டியில் அடைத்து விற்கிறார்கள். போதை தருவது அதே செடியிலுள்ள டிஎச்சி. கன்னாபிடியோலுக்கு அந்தக் குணம் இல்லை. தூக்கமின்மை, மூட்டுவலி, மனப்பதற்றம் என்று பலரும் வாங்குகிறார்கள். ஆனால் உறுதியான மருத்துவச் சான்று இருப்பது சில கடுமையான வலிப்பு நோய்களுக்குத்தான்.

தினமும் சில சொட்டுகளே எடுப்பதால் ஒரு புட்டி மாதக்கணக்கில் வரும். புட்டியில் அச்சிட்ட காலாவதித் தேதி ஓராண்டோ ஈராண்டோ தள்ளி இருக்கும். அந்தத் தேதியை நம்பிக் கடைசிச் சொட்டுவரை எடுப்பது சரியல்ல. மூடி திறக்காத புட்டிக்குத்தான் அந்தத் தேதி பொருந்தும். திறந்துவிட்டால் கணக்கு வேறு.

மருந்தாக வரும் புட்டியைப் பாருங்கள்

2018 ஜூனில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எபிடியோலெக்ஸ் என்ற மருந்துக்கு அனுமதி தந்தது. முதலில் இது டிராவே, லெனாக்ஸ்-காஸ்டோ என்ற இரண்டு அரிய வலிப்பு நோய்களால் அவதிப்படுவோருக்காக வந்தது. 2020இல் டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் நோயும் சேர்ந்தது. ஒரு மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் கன்னாபிடியோல். கரைத்திருப்பது எள்ளெண்ணெயில்.

இதன் குறிப்புத்தாள் தெளிவாகச் சொல்கிறது: 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், நிமிர்த்தி, மூடியை இறுக்கி வைக்க வேண்டும், உறையவிடக் கூடாது, திறந்து 12 வாரம் ஆனதும் மிச்சமிருப்பதை அப்புறப்படுத்திவிட வேண்டும். அளந்து கொடுக்கும் சிரிஞ்சைக் கழுவினால் உட்புறம் நன்றாகக் காய்ந்த பிறகுதான் மறுபடி புட்டியில் விட வேண்டும். ஈரம் சேர்ந்தால் எண்ணெய் கலங்கும்.

கடையில் விற்கும் புட்டிகள் பலவற்றில் திறந்த பிறகு எத்தனை நாள் என்ற குறிப்பே இருப்பதில்லை. கட்டுப்பாடாகத் தயாரித்த மருந்துக்கே 12 வாரம் என்றால், கடைச் சரக்கை அதைவிட அதிக நாள் நம்ப எனக்கு மனம் வரவில்லை. வாங்கி வந்து திறந்த அன்றே, அழியாத பேனாவால் தேதியைப் புட்டியின் மேல் எழுதிவிடுங்கள்.

கெடுப்பவை எவை

வெளிச்சம்தான் முதல் எதிரி. 1976இல் லண்டனில் ஃபேர்பேர்னும் அவரோடு பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வு, கஞ்சாச் செடியின் வேதிப்பொருள்கள் அழிவதற்கு மிகப் பெரிய காரணம் வெளிச்சமே என்று காட்டியது. நேர் வெயில் கூட வேண்டாம், அறை வெளிச்சமே போதும். அதிலும் கரைசலாக இருக்கும்போது இழப்பு கூடுதல். கவனமாகத் தயாரித்து இருட்டில் வைத்தால் அறை வெப்பத்திலேயே ஓரிரு ஆண்டு ஓரளவு தாக்குப்பிடிக்கும் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் அடைப்பது இதனால்தான். ஆனால் பழுப்புக் கண்ணாடி முழு இருட்டுக்கு ஈடாகாது. சன்னலோரம் வைக்காதீர்கள்.

அடுத்தது காற்று. மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஆக்சிஜன் உள்ளே போகிறது. கன்னாபிடியோல் ஆக்சிஜனோடு வினைபுரிந்து குயினோன் வகைச் சேர்மங்களாகிறது, நிறமும் கருக்கிறது. புட்டி பாதி காலியானால் உள்ளே காற்றுக்கு இடம் கூடுகிறது. விலை மலிவு என்று பெரிய புட்டி வாங்குவதைவிடச் சின்னப் புட்டி நல்லது. வெப்பம் இந்த வேலையையெல்லாம் துரிதப்படுத்தும். கோடையில் காருக்குள் விட்டுச் செல்வது மிக மோசம்.

கரைத்திருக்கும் எண்ணெயையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் எம்சிடி என்ற, தேங்காயிலிருந்தோ பனைக்கொட்டையிலிருந்தோ எடுத்த எண்ணெய் இருக்கும். அது நிறைவுற்ற கொழுப்பு, எளிதில் காறாது. எள்ளில் இயற்கையாகவே ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்கள் உண்டு. சணல்விதை எண்ணெய் அப்படியல்ல; லினோலெயிக், லினோலெனிக் அமிலங்கள் மிகுந்தது, சீக்கிரம் சிக்கு வாடை அடித்துவிடும். லேபிளில் எந்த எண்ணெய் என்று படியுங்கள்.

வீட்டில் எங்கே வைப்பது

படுக்கையறை அலமாரியின் உள்தட்டு போதும். அடுப்பங்கரையும் குளியலறையும் வேண்டாம். ஒன்றில் சூடு, மற்றதில் ஈரம். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சில எண்ணெய்கள் கலங்கி இறுகும், அறை வெப்பத்தில் தெளிந்துவிடும். உற்பத்தியாளர் சொல்லாதவரை அதற்கு அவசியம் இல்லை. சொட்டுக் குழாய் நாக்கில் படக் கூடாது. எச்சில் புட்டிக்குள் போகும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அலமாரியைப் பூட்டியே வைக்க வேண்டும்.

மூக்குக்குத் தெரிவதும் தெரியாததும்

காறல் வாடை, தொண்டையைக் கரகரக்க வைக்கும் கசப்பு, வெளியில் வைத்தும் தெளியாத கலங்கல், முன்பைவிட அடர்ந்த நிறம். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் புட்டியை ஒதுக்குங்கள்.

வீரியம் குறைந்ததை மட்டும் மூக்கோ நாக்கோ சொல்லாது. அதைவிடக் கவலை, வாங்கும்போதே அளவு சரியாக இருந்ததா என்பது. 2017இல் அமெரிக்க மருத்துவக் கழக இதழில் வந்த ஆய்வில், இணையத்தில் வாங்கிய 84 சிபிடி பொருள்களைச் சோதித்தார்கள். லேபிளில் சொன்ன அளவோடு ஒத்துப்போனவை 31 சதவீதம்தான். 26 சதவீதத்தில் குறைவு, 43 சதவீதத்தில் அதிகம். எனவே தொகுதி எண்ணுக்குரிய ஆய்வக அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்; அதில் தேதியையும் பாருங்கள். பழைய எண்ணெய் என்று தெரிந்து நான்கு சொட்டுக் கூடுதலாக எடுப்பது ஆபத்து. கன்னாபிடியோல் கல்லீரலைப் பாதிக்கக்கூடியது. வார்ஃபரின் போன்ற மருந்துகளின் அளவையும் இரத்தத்தில் உயர்த்தும். பிரிட்டனின் உணவுத் தர முகமை 2023இல், நலமாக உள்ள பெரியவர்களுக்கே நாளுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்று அறிவுறுத்தியது.

வலிப்புக்காக மருத்துவர் எழுதித் தந்து எடுப்பவர்களுக்கு இன்னொன்று. 12 வாரம் முடிகிறதென்று பழைய புட்டியை ஒதுக்கிவிட்டு, புதியது வரும்வரை சும்மா இருந்துவிடக் கூடாது. மருந்து திடீரென நின்றால் வலிப்பு கூடலாம். புட்டியில் எழுதிய தேதியிலிருந்து பத்தாவது வாரம் வந்ததும் அடுத்ததற்குச் சொல்லி வையுங்கள்.