கண்ணாடி உடைஞ்சா ஜன்னலையே மாத்தணுமா? 22,200 ரூபாய் கொட்டேஷன் 3,430 ரூபாயில் முடிஞ்ச கதை

"தம்பி, அந்த ஜன்னலை முழுசா மாத்திடுங்க. இல்லேன்னா காலி பண்ணும்போது அட்வான்ஸ்ல புடிச்சுக்குவேன்."

ஹவுஸ் ஓனர் அங்கிள் இதைச் சொன்னபோது என் கையில் ஒரு கொட்டேஷன் இருந்தது. ஹால் ஜன்னல் 6 அடிக்கு 4 அடி, மொத்தம் 24 சதுர அடி. யுபிவிசி ஜன்னல் சதுர அடிக்கு 800 ரூபாய்னு 19,200. பழைய ஜன்னலைப் பேர்த்து எடுத்து, சுவரைப் பூசிக் கொடுக்க இன்னொரு 3,000. ஆக 22,200 ரூபாய். என் வாடகை 16,000. அட்வான்ஸ் ஒரு லட்சம். அடுத்த வருஷம் இதே வீட்டில் இருப்பேனான்னு எனக்கே தெரியாது, அந்த வீட்டு ஜன்னலுக்கு ஒரு மாச வாடகையை விட அதிகமா செலவு.

உடைஞ்சது என்னவோ ஒரே ஒரு கண்ணாடி.

கையில் கொட்டேஷன், தலையில் அட்வான்ஸ் பயம்னு நின்னா நம்மில் பாதி பேர் கிரெடிட் கார்டை நீட்டிடுவோம். நானும் கிட்டத்தட்ட நீட்டிட்டேன். அதனால் நடந்ததை வரிசையா சொல்றேன். இதில் நான் செஞ்ச தப்பும் இருக்கு.

வீடு சென்னையில், மூணாவது மாடி. பழைய அலுமினியம் ஸ்லைடிங் ஜன்னல், ரெண்டு ஷட்டர். குடிபோன நாளிலிருந்தே ஒரு ஷட்டர் நகராது. ரெண்டு கையாலும் பிடிச்சு இழுத்தாதான் கரகரன்னு சத்தத்தோட வரும். "பழைய வீடு, அப்படித்தான் இருக்கும்"னு விட்டுட்டேன். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழை. சாரல் உள்ளே வருதேன்னு அவசரமா ஷட்டரை இழுத்து அடிச்சேன். டப்புன்னு ஒரு சத்தம், கீழ் மூலையில் கண்ணாடி விரிசல் விட்டுடுச்சு. ஒரு விரல் நீளம் இருக்கும்.

டேப் ஒட்டினேன். டேப் ஒட்டினதும் மனசுக்குள்ள வேலை முடிஞ்ச மாதிரி ஆகிடுது பாருங்க, அதுதான் பிரச்சினை. விரிசல் விட்ட கண்ணாடி அப்படியே நிக்காது. வெயிலில் சூடாகி ராத்திரி குளிரும்போதும், ஷட்டரை ஒவ்வொரு தடவை தள்ளும்போதும் விரிசல் கொஞ்சம் கொஞ்சமா நீளும். சில வாரத்தில் அது குறுக்கே மேல் விளிம்பு வரைக்கும் போயிடுச்சு. தண்ணியும் கசிய ஆரம்பிச்சது.

ஒரு ஆப்பில் ஆளைப் புக் பண்ணேன். வந்தவர் ஒரு சிலிக்கான் டியூப் எடுத்து, விரிசல் மேல, ஃபிரேமைச் சுத்தி, கீழ் ட்ராக் ஓரம்னு எங்கெங்க இடைவெளி தெரிஞ்சுதோ அங்கெல்லாம் அடிச்சுட்டு 1,800 ரூபாய் வாங்கிட்டுப் போனார். அடுத்த மழையில் முன்னாடியை விட அதிகமா தண்ணி உள்ளே வந்தது! எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் நனைஞ்சு, வீடு முழுக்க ட்ரிப் ஆயிடுச்சு. என்ன நடந்ததுன்னு அப்போ புரியலை. அந்த நேரத்தில்தான் ஓனர் அங்கிள் வந்து பார்த்துட்டு, மேலே சொன்ன டயலாக்கைச் சொன்னார்.

பணம் யார் தலையில்?

கொட்டேஷனை ஓரம் வச்சுட்டு முதல்ல வாடகை ஒப்பந்தத்தை எடுத்தேன். ரிப்பேர் பத்தி அதில் ஒரு வரிகூட இல்லை. பெயின்டிங்குக்கு ஒரு மாச வாடகை பிடிச்சுக்குவோம்னு மட்டும் தெளிவா இருந்தது. (அதை எழுத மட்டும் யாரும் மறக்க மாட்டாங்க.)

அப்புறம் சட்டம். தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. அதோட இரண்டாவது அட்டவணையில், ஒப்பந்தத்தில் வேற மாதிரி எழுதலேன்னா எந்த ரிப்பேர் யார் பொறுப்புன்னு பட்டியலே இருக்கு. கட்டடத்தின் அமைப்பு சார்ந்த ரிப்பேர், சுவருக்கு வெள்ளையடிக்கிறது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், குழாய் மாத்துறது, வயரிங் எல்லாம் உரிமையாளர் கணக்கு. டேப் வாஷர், சுவிட்ச், கதவு ஜன்னலோட பூட்டு, கைப்பிடி, கொசுவலை, அப்புறம் ஜன்னல் கண்ணாடி, இதெல்லாம் வாடகைதாரர் கணக்கு.

ஆமாம், கண்ணாடி நம்ம கணக்குதான். படிச்சதும் எனக்கும் கசப்பாதான் இருந்தது. ஆனா இன்னொரு தடவை படிச்சுப் பார்த்தா, அது நமக்குச் சாதகமாவும் இருக்கு. கண்ணாடி என் பொறுப்பு, சரி. ஜன்னல் என் பொறுப்புன்னு எங்கேயும் இல்லை. நான் இழுத்து உடைச்சது ஒரு கண்ணாடி. அதுக்கு ஈடா ஓனருக்குப் புத்தம் புது யுபிவிசி ஜன்னல் வாங்கித் தர வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. பழைய ஃபிரேம் காலப்போக்கில் தேய்ஞ்சா, அது சாதாரணத் தேய்மானம்.

சண்டை போடலை. அங்கிள்கிட்ட போய், "அங்கிள், கண்ணாடி நான் உடைச்சது, நான் மாத்தித் தர்றேன். ஜன்னலை மாத்தணும்னா அது உங்க விருப்பம், உங்க செலவு. முதல்ல ரிப்பேர் பண்ணிக் காட்டறேன், சரியில்லேன்னா பேசலாம்"னு சொன்னேன். கொஞ்சம் முறைச்சார். "சரி, பண்ணிக் காட்டுங்க"ன்னார்.

உண்மையில் கெட்டது எது?

இந்தத் தடவை ஆப்பை விட்டுட்டு, தெருமுனையில் இருக்கிற அலுமினியம் ஃபேப்ரிகேஷன் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணா வந்து ஷட்டரை மேலே தூக்கி, கீழ்ப் பக்கத்தை வெளியே இழுத்து, ஒரே நிமிஷத்தில் கழற்றித் தரையில் வச்சார். அடியில் ரெண்டு ரோலர். ரெண்டுமே தேய்ஞ்சு சப்பையாகி, சுத்தவே இல்லை.

"கண்ணாடி உடையலை சார், நீங்கதான் உடைச்சிருக்கீங்க. ரோலர் செத்து ரெண்டு வருஷம் இருக்கும். ஷட்டர் கோணலா உக்காந்துடுச்சு. இழுக்க இழுக்க மூலையில லோடு போகும்."

அடுத்து கீழ் ட்ராக்கைக் காட்டினார். ஸ்லைடிங் ஜன்னலோட ட்ராக்கில் வெளிப்பக்கமா சின்னச் சின்ன ஓட்டை இருக்கும். அது தற்செயலா விழுந்த ஓட்டை இல்லை, வேணும்னே போட்டது. ஸ்லைடிங் ஜன்னல் தண்ணியை முழுசா தடுக்காது. ட்ராக்குக்குள்ள வர்ற தண்ணியை இந்த ஓட்டை வழியா வெளியே அனுப்பும். என் ஆப் ஆள் அந்த ஓட்டை மேலேயும் சிலிக்கான் அடிச்சு அடைச்சுட்டார். தண்ணி போக வழியில்லாம ட்ராக் ரொம்பி, வீட்டுக்குள்ள வழிஞ்சிருக்கு. 1,800 ரூபாய் கொடுத்து நானே தண்ணியை உள்ளே கூப்பிட்டிருக்கேன்.

உங்க வீட்டில் மழைத்தண்ணி உள்ளே வருதுன்னா, யாரையும் கூப்பிடறதுக்கு முன்னாடி ட்ராக்கில் ஒரு டம்ளர் தண்ணி ஊத்திப் பாருங்க. வெளியே வடியலேன்னா ஓட்டையில் சிமென்ட், பெயின்ட், தூசி ஏதோ அடைச்சிருக்கு. ஒரு பழைய டூத் பிரஷ், ஒரு கம்பி போதும். செலவு பூஜ்யம்.

சிலிக்கான் கெட்ட பொருள் இல்லை. ஃபிரேமுக்கும் சுவருக்கும் நடுவே விரிசல் இருந்தா அதுதான் சரியான மருந்து. ஆனா பழைய சிலிக்கானைச் சுரண்டி எடுக்காம அதுக்கு மேலேயே அடிச்சா ஒட்டாது. ஈரத்தில் அடிச்சாலும் நிக்காது. அடிச்ச பிறகு ஒரு நாளாவது காய விடணும். மழை பெய்யும்போது வந்து அடிச்சுத் தர்றேன்னு ஒருத்தர் சொன்னா, அவருக்கு வேலை தெரியாதுன்னு அர்த்தம்.

வாங்க, பில்லைப் பார்க்கலாம்

5 மி.மீ. சாதாக் கண்ணாடி, சதுர அடி 85 ரூபாய். என் ஷட்டருக்குத் தேவைப்பட்டது சுமார் 10 சதுர அடிதான். ஆனா பில்லில் 12 சதுர அடி இருந்தது. கேட்டேன். நிறைய கண்ணாடிக் கடைகளில் நீளம், அகலம் ரெண்டையும் அடுத்த முழு அளவுக்கு ஏத்தித்தான் கணக்குப் போடுவாங்க, வெட்டின மிச்சத் துண்டு அவங்களுக்கு வீண்தானே. என் 2 அடி 9 அங்குலம் 3 அடியாச்சு, 3 அடி 9 அங்குலம் 4 அடியாச்சு. இது ஏமாத்து வேலை இல்லை. ஆனா விலை கேட்கும்போதே "எந்த அளவுக்கு ஏத்தி பில் போடுவீங்க?"ன்னு கேட்டுடுங்க. சதுர அடி ரேட்டை மட்டும் வச்சு ரெண்டு கடையை ஒப்பிட்டா கணக்கு தப்பும்.

ஆக கண்ணாடி 1,020. ரோலர் நாலு, தலா 120, மொத்தம் 480. கண்ணாடியைச் சுத்திப் போடுற கறுப்பு ரப்பர் 250. சுவர் ஓரத்துக்கு ஒரு சிலிக்கான் டியூப் 280. வண்டிக் கூலி 200. வேலைக் கூலி 1,200. மொத்தம் 3,430 ரூபாய், அரை நாள் வேலை. இது என் வீட்டுக் கணக்கு, உங்க ஊரில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

உடையாத ஷட்டரோட ரோலரையும் சேர்த்தே மாத்தச் சொன்னேன். ஆள் வந்து, எல்லாத்தையும் கழற்றி, கூலியும் கொடுத்தாச்சு. அந்த ரெண்டு ரோலருக்கு இன்னொரு நாள் தனியா கூப்பிட்டா 240 ரூபாய் பொருளுக்கு மறுபடி கூலி அழணும். ரோலர் யார் கணக்குன்னு சட்ட அட்டவணையில் பேர் போட்டு எழுதலை. 480 ரூபாய்க்காக அங்கிள்கிட்ட வாதாட எனக்குத் தெம்பும் இல்லை, நானே கொடுத்துட்டேன்.

நீங்களே செய்யலாமா?

ட்ராக் சுத்தம் பண்றது, ஓட்டையைத் திறக்கிறது, சுவர் ஓரம் சிலிக்கான் அடிக்கிறது, தரைத்தள ஜன்னலில் ரோலர் மாத்துறது, இதெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. கண்ணாடி மாத்துறது மட்டும் வேண்டாம். 5 மி.மீ. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 12.5 கிலோ இருக்கும். என் ஷட்டர் கண்ணாடி மட்டுமே சுமார் 12 கிலோ, அதுவும் விரிசல் விட்டது. அதை மூணாவது மாடியில் தனியா கழற்றிக் கையைக் கிழிச்சுக்கிட்டா, மிச்சம் பிடிச்ச 1,200 ரூபாய் கூலி தையல் போடவே பத்தாது.

உடைஞ்சதில் ஒரு சின்னத் துண்டைப் பேப்பரில் சுத்திக் கடைக்கு எடுத்துட்டுப் போங்க. தடிமனும் நிறமும் அப்போதான் பொருந்தும். 5 மி.மீ. இருந்த இடத்தில் 4 மி.மீ. போட்டா ரப்பர் பிடிக்காம கடகடன்னு ஆடும். மிச்சத் துண்டுகளை அட்டைப்பெட்டியில் போட்டு டேப் சுத்தி, மேலே "கண்ணாடி"ன்னு எழுதி, குப்பை எடுக்க வர்றவங்க கையிலேயே சொல்லிக் கொடுங்க. கறுப்புக் கவரில் போட்டா அவங்க கைதான் கிழியும்.

உங்களுது உடைஞ்சு கல்கண்டு மாதிரி சின்னச் சின்னத் துண்டா கொட்டியிருந்தா, அது டஃபன்ட் கண்ணாடி. பால்கனிக் கதவு, குளியலறை, தரையோட ஒட்டின ஜன்னல் இங்கெல்லாம் இருந்தா, அதே டஃபன்ட்தான் திரும்பப் போடணும். சாதாக் கண்ணாடி கத்தி மாதிரி நீளமா உடையும், ஆள் மேல விழுந்தா ஆபத்து. டஃபன்ட் கண்ணாடியை ஒரு தடவை தயார் பண்ணிட்டா அப்புறம் வெட்ட முடியாது. அதனால் அளவு எடுக்கிற பொறுப்பைக் கடைக்காரர்கிட்டயே விட்டுடுங்க. நீங்க அளவு கொடுத்து அரை அங்குலம் தப்பினா மொத்தப் பணமும் போச்சு.

சொந்த ஃபிளாட் வாங்கி யுபிவிசி போட்டவங்களுக்கு வேற ஒரு தொல்லை வரும். ரெட்டைக் கண்ணாடிக்கு நடுவில் பனி மாதிரி படியும், எந்தப் பக்கம் துடைச்சாலும் போகாது. ரெண்டு கண்ணாடியையும் ஒட்டியிருக்கிற ஓர சீல் போச்சுன்னு அர்த்தம். "ஜன்னலையே மாத்தணும் சார்"னு சொல்வாங்க. தேவையில்லை. ஃபிரேம் நல்லா இருந்தா உள்பக்க பீடிங்கை எடுத்துட்டு, அந்தக் கண்ணாடி செட்டை மட்டும் மாத்தலாம். அதுக்கு முன்னாடி வாரன்ட்டி பேப்பரைத் தேடுங்க. புயலில் உடைஞ்சதுன்னா வீட்டு இன்ஷூரன்ஸையும் பாருங்க. ஜன்னல் கட்டடத்தோட பகுதி, புயல் சேதம் பாலிசியில் வரும். வாடகை வீடுன்னா அந்தப் பாலிசி ஓனர் எடுக்க வேண்டியது.

என் கதைக்கு வர்றேன். வேலை முடிஞ்சதும் அங்கிளைக் கூப்பிட்டு ஷட்டரை ஒரு விரலால் தள்ளிக் காட்டினேன். ட்ராக்கில் ஒரு ஜக்கு தண்ணி ஊத்தி, வெளியே வடியறதையும் காட்டினேன். "இவ்வளவு லேசா இது எப்பவும் ஓடினதில்லையே"ன்னு அவரே ரெண்டு மூணு தடவை தள்ளிப் பார்த்தார். பில்லை, முன்னே பின்னே எடுத்த போட்டோக்களோட அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிட்டு, "ஹால் ஜன்னல் கண்ணாடி மாத்தியாச்சு அங்கிள்"னு ஒரு வரி சேர்த்தேன். அவர் ஒரு கட்டைவிரல் போட்டார்.

பத்து மாசம் கழிச்சு காலி பண்ணேன். சாவி கொடுக்கிற அன்னைக்கு அங்கிள் வீடு முழுக்க ஒரு சுத்து சுத்திப் பார்த்தார். ஹால் ஜன்னல் கிட்ட நின்னார். நான் போனில் அந்த மெசேஜைத் திறந்து வச்சிருந்தேன், அவர் கேட்கவே இல்லை. ஜன்னலுக்குப் பிடித்தம் பூஜ்யம். பெயின்டிங்குக்கு 16,000 போக 84,000 கைக்கு வந்தது. அந்தப் பெயின்டிங் பிடித்தம் நியாயமான்னு கேட்டா, அதை அடுத்த வீடியோவில் பேசலாம், பேச நிறைய இருக்கு.