கணினியைக் குளிர்விக்கும் நீர்க்கருவிகளும் அவற்றின் உறுதியும்

மின்சாரமும் நீரும் ஒன்றையொன்று அணுகலாகா என்பது சிறுவரும் அறிந்த செய்தி. அவ்வாறிருக்க, மேசைமேல் வைத்து நாம் ஆளும் கணினிகளுட் சிலவற்றில், மின்னோட்டம் மிகச் செறிந்த இடத்தின் தலைமேலேயே நீரைக் குழாய்வழிக் கொண்டு செல்கின்றனர். இத்துணிவிற்குக் காரணம் யாது? அந்நீரைத் தாங்கும் கருவிகள் எத்தகைய உறுதி வாய்ந்திருத்தல் வேண்டும்? அவற்றுள் நல்லனவும் அல்லனவும் பிரித்தறிவது எங்ஙனம்? இவற்றை ஒருவாறு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணினியின் செயலி, தான் உட்கொள்ளும் மின்சாரம் அனைத்தையும் இறுதியில் உஷ்ணமாகவே வெளியிடுகின்றது. 2023-ஆம் ஆண்டில் இன்டெல் கம்பெனியார் வெளியிட்ட கோர் ஐ9-14900கே என்னும் செயலிக்கு அவர்களே விதித்த மேலெல்லை 253 வாட். அதன் சிலிக்கன் சில்லின் பரப்போ ஏறக்குறைய இரண்டரைச் சதுர சென்டிமீட்டரே. ஆகவே சதுர சென்டிமீட்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ 100 வாட் ஆயிற்று. 1000 வாட் கொள்ளும் சலவைப் பெட்டியின் அடித்தகடு 200 சதுர சென்டிமீட்டர் பரப்புடையதெனக் கொண்டால், ஆண்டு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட்டே வரும். சலவைப் பெட்டியினும் இருபது மடங்கு செறிந்த இவ்வுஷ்ணத்தை இடையறாது அகற்றாவிடில் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அன்றேல் நின்றுவிடும்.

உஷ்ணத்தைச் சுமந்து செல்வதில் நீருக்கு நிகரான எளிய பொருள் பிறிதில்லை. நிமிஷத்திற்கு ஒரு லிட்டர் வீதம் நீர் ஓடுமாயின், 250 வாட் உஷ்ணத்தை ஏற்றும் அது நான்கு பாகை செல்சியஸுக்குக் குறைவாகவே சூடேறும். அதே கன அளவுள்ள காற்றோ, அதில் மூவாயிரத்தில் ஒரு பங்கு உஷ்ணத்தையும் கொள்ளாது. இதனையறிந்தே ஐ.பி.எம். கம்பெனியார் 1980-இல் அறிவித்த 3081 என்னும் பெரிய கணினியை நீரால் குளிர்வித்தனர். 2004-இல் ஆப்பிள் கம்பெனியாரும் பவர் மாக் ஜி5 என்னும் மேசைக் கணினியின் உயர்ந்த வகையில் இம்முறையைக் கையாண்டனர். அது வேகத்திற் சிறந்து விளங்கினும், ஆண்டுகள் சில கழிந்தபின் அவ்வகைக் கணினிகள் பலவற்றில் திரவம் கசிந்து உட்பாகங்களை அரித்துவிட்டது. நீரின் குணத்தில் குறைவில்லை. நீரைக் காக்கும் பாகங்களின் உறுதியிலேதான் குறைவு நேர்ந்தது.

இனி அப்பாகங்களை ஒவ்வொன்றாக நோக்குவாம்.

முதலாவது, செயலியின்மேல் அமரும் செம்புத் தகடு. அதன் உட்புறத்தில் மயிரிழை போன்ற நுண்ணிய வாய்க்கால்கள் வெட்டப்பட்டிருக்கும். பலவற்றில் இவற்றின் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கே. வாய்க்கால் நுண்ணிதாக ஆக உஷ்ணம் நீருக்கு விரைந்து மாறும். அடைபடுதலும் அத்துணை எளிதாகும். தகட்டின் அடிப்பாகம் செவ்வையாகத் தேய்க்கப்பட்டுச் செயலியோடு நன்கு பொருந்துகின்றதா என்பதே வாங்குவோர் காண வேண்டுவது. கண்ணாடிபோலப் பளபளப்பதனால் மட்டும் ஒரு தகடு சிறந்ததாகிவிடாது.

இரண்டாவது, சூடேறிய நீரை ஆற்றும் ரேடியேட்டர். தொழிற்சாலையிலேயே நீர் நிரப்பி மூடி வரும் கருவிகளிற் பெரும்பாலனவற்றில் இஃது அலுமினியத்தாலானது, தகடோ செம்பு. இவ்விரு உலோகங்களும் ஒரே நீரில் நனைந்து மின்தொடர்பும் பெறின், அங்கே ஒரு சிறு மின்கலமே உண்டாகி அலுமினியம் மெல்ல மெல்ல அரிக்கப்படும். 1800-ஆம் ஆண்டில் வோல்ட்டா என்னும் இத்தாலிய அறிஞர் வெள்ளியையும் துத்தநாகத்தையும் அடுக்கி மின்சாரம் உண்டாக்கிய அதே இயல்புதான் ஈண்டு நமக்குப் பகையாகின்றது. இதனைத் தடுக்கவே அத்திரவத்தில் அரிமானம் தடுக்கும் மருந்துகளைக் கலந்து வைக்கின்றனர். இஃதறியாது வெறும் நீரைப் பெய்து நிரப்புவோர் அக்கருவியின் ஆயுளைத் தாமே குறைப்பவராவர். பாகங்களைத் தனித்தனியே வாங்கிக் கோப்பவர், செம்பையும் பித்தளையையும் மட்டும் தேர்ந்துகொண்டு அலுமினியத்தை முற்றும் விலக்குதல் நலம்.

காய்ச்சி வடித்த நீர் மின்சாரத்தைக் கடத்தாதாகலின் அது கசிந்தாலும் கேடில்லை என்று கூறுவாரும் உளர். தூய நீர் மின்சாரத்தை அரிதாகவே கடத்தும் என்பது மெய்யே. ஆயினும் உலோகங்களினூடே ஓடுந்தோறும் அவற்றின் நுண்கூறுகள் அதிற் கரைகின்றன. பலகையின்மேல் விழும்போது ஆங்குள்ள தூசியும் உப்பும் சேர்கின்றன. எனவே குப்பியிலிருந்தபோது இருந்த தூய்மையை நம்பிக் கசிவை அலட்சியம் செய்தல் தகாது.

மூன்றாவது, குழாய். மலிவான மென்பிளாஸ்டிக் குழாய்களை வளையச் செய்யும் எண்ணெய்ப்பசை நாளடைவில் நீரிற் பிரிந்து, மேற்சொன்ன நுண்வாய்க்கால்களில் வெண்படலமாய்ப் படியும். அன்றியும் குழாயின் சுவர்வழியே நீர் கண்ணுக்குப் புலப்படாமல் ஆவியாகி வெளியேறும். ஈ.பி.டி.எம். எனப்படும் செயற்கை ரப்பர்க் குழாய்களில் இவ்விரு குறைகளும் மிகச் சிறிய அளவினவே. நீர் குறையுந்தோறும் காற்று புகுந்து உச்சியில் தங்கும். ஆதலின் பம்பு அவ்வுச்சியில் இராதபடி கருவியைப் பொருத்துதல் வேண்டும். பம்பின் சுழலி தன்னைச் சூழ்ந்த திரவத்தையே மசகாகக் கொண்டு ஓடுகின்றது. வறண்டு ஓடின் அது விரைவில் தேய்ந்து பழுதுபடும்.

நான்காவதும் எல்லாவற்றினும் சிறியதும், இணைப்புகளில் அமைந்த ரப்பர் வளையம். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பர். இவ்வளையமே ஈண்டு அச்சாணி. குழாய் பொருத்தும் பூண்களின் மரைதான் நீரைத் தடுக்கின்றதெனப் பலரும் எண்ணுவர். அஃதன்று. மரை, பூணை நிலைநிறுத்த மட்டுமே உதவும். நீரைத் தடுப்பது சற்றே நசுங்கிய ரப்பர் வளையம். ஆதலால் கைவிரலால் திருகி இறுக்கும் அளவே போதும். வலிமை கொண்டு முறுக்கினால் வளையம் பிதுங்கும். மூடி அக்ரிலிக்காயின் மரையைச் சூழ்ந்து வெடிப்பும் ஓடும்.

இவ்வளையத்தின் பெருமையைக் காட்ட ஓர் உண்மை நிகழ்ச்சி போதும். ஆர்க்டிக் கம்பெனியார் செய்த லிக்விட் ஃப்ரீஸர் 2 என்னும் கருவிகளிற் சிலவற்றில் குறையொன்று இருப்பதாக 2022-இல் அவர்களே அறிவித்தனர். ரப்பருக்கு உறுதியளிக்கக் கந்தகம் சேர்த்துப் பதப்படுத்துவது, 1839-இல் குட்இயர் என்பார் கண்டறிந்த நாள்முதல் வழங்கிவரும் முறை. அக்கருவிகளின் ரப்பர்ப் பாகத்தில் அப்பதம் செவ்வையாக அமையாமையால், பிணைவுறாது எஞ்சிய கந்தகம் செம்புத் தகட்டோடு கூடிச் செம்புச் சல்பைடாகி, நுண்வாய்க்கால்களிற் படிந்து நீரோட்டத்தைத் தடுக்கக்கூடியதாயிற்று. கம்பெனியார் மாற்றுப் பாகங்களை விலையின்றி அளித்தனர். தகடும் நன்று, பம்பும் நன்று. சிறியதோர் ரப்பர்த் துண்டின் பதம் குறைந்தமையால் முழுக்கருவியும் ஐயத்திற்கிடமாயிற்று. குறையை ஒளியாது வெளியிட்டுத் திருத்தியதும் உறுதியின் ஒரு கூறே எனலாம்.

கோத்து முடித்த கருவியை நீரின்றியே சோதித்தல் கூடும். சிறு கைப்பம்பினால் உள்ளே காற்றை மிதமாக ஏற்றி, அழுத்தங்காட்டியின் முள் இறங்காமல் நிற்கின்றதாவென்று சிறிது நேரம் காத்திருந்து காணவேண்டும். முள் இறங்கின் எங்கோ கசிவுளது. பலகை நனையாமலே அதனைக் கண்டு திருத்திவிடலாம். இச்சோதனைக்கு ஆகும் நேரம் சொற்பமே. இதனை விடுத்தார்க்கு நேரும் இழப்போ பலகையும் செயலியும் மட்டுமன்று. அக்கணினியில் எழுதிச் சேர்த்த பல மாதத்து உழைப்பும் சில வேளைகளில் உடன் அழியும்.

ஆதலின் இத்தகைய கருவியை நாடுவோர் அதன் வண்ண விளக்குகளையும் மேற்பூச்சையும் கண்டு மயங்காது, உலோகங்கள் எவை, குழாய் எப்பொருளால் ஆயது, உத்தரவாதம் எத்தனை ஆண்டு, கசிந்தால் பிற பாகங்களின் நஷ்டத்திற்கும் ஈடு செய்வார்களா என்னும் நான்கினையும் முதலிற் கேட்பாராக. விடை தெளிவாகக் கிடைக்காதாயின், நல்லதொரு காற்றாடியும் உலோக அடுக்குமே போதுமென்று அமைதல் அறிவுடைமையாகும். ஏனெனில் காற்று கசிவதனால் எக்கணினியும் கெட்டதில்லை.