கார்பன் இழைப் பொருள்களுக்கு மெருகேற்றுதல்

தொழிற்கூடத்திலோ வீட்டு முற்றத்திலோ கையால் செய்யப்பெற்ற கார்பன் இழைத் தகடு, மெருகிட்ட நாளில் முகம் பார்க்கும் கண்ணாடி போல் விளங்குகின்றது. சித்திரை வெயிலில் ஒரு பிற்பகல் கிடந்த பின்னர் நோக்கினால், நெசவின் கட்டங்கள் மேடும் பள்ளமுமாக அதன்மீது எழுந்து நிற்கின்றன. மெருகு சரியாக ஏறவில்லை என்று கருதிச் செய்தவர் மீண்டும் தேய்க்கத் தொடங்குகிறார். ஆனால், தேய்க்கத் தொடங்குவதற்கு முன்னரே பிழை நேர்ந்துவிட்டது.

பளபளப்பு என்பது யாது? ஒளி பட்ட திசைக்கு ஏற்ப ஒழுங்காகத் திரும்பினால் பரப்பு மின்னும்; பல திசைகளிலும் சிதறினால் மங்கும். கட்புலனாகும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை. ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்காகும். பரப்பின் மேடுபள்ளங்கள் இவ்வளவினும் மிகச் சிறியனவாயின் ஒளி சிதறாது. கார்பன் இழை ஒன்றன் தடிப்போ 5 முதல் 7 மைக்ரான். அத்தகைய இழைகள் 3,000 சேர்ந்த புரிகளால் நெய்த துணியைக் கண்ணாடிபோல் ஆக்குதல் இயலாது. நாம் காணும் மெருகு, துணிக்கு மேல் நிற்கும் எப்பாக்சிப் பிசினின் மெல்லிய படலத்துக்கே உரியது.

நம் நாட்டுத் தேஜஸ் போர்விமானத்தின் உடற்கட்டில் எடையளவில் ஏறத்தாழ 45 விழுக்காடு இழையும் பிசினும் சேர்ந்த கலப்புப் பொருள்களே. அவ்வுறுப்புகள் அழுத்தமும் வெப்பமும் உள்ள பெருங்கலன்களில் இறுகுகின்றன. அவ்வசதி இல்லாத இடத்தில் காற்று, ஈரம், வெப்பம் ஆகிய மூன்றையும் பொறுமையால் ஆள வேண்டியிருக்கிறது.

தட்டையான பொருளாயின் வேலை எளிது. மெழுகு பூசிய கண்ணாடிப் பலகையின்மீது துணியை விரித்துப் பிசினூட்டி இறுகவிட்டால், பெயர்த்தெடுக்கும்போது கண்ணாடியின் வழவழப்பு தகட்டில் பதிந்திருக்கும். வளைந்த உறுப்பின்மேல் துணியை ஒட்டிச் செய்வதே கடினமானது. இழைகள் குறுக்கிடும் மூலைகளில் காற்று தங்கி ஊசித்துளைகளாகிறது. முதற் பூச்சைத் தடிப்பாக ஊற்றி அவற்றை மூடிவிட எண்ணுவது தவறு. அடைபட்ட காற்று பின்னர் குமிழியாய் வெளிவரும். சிறிதளவு பிசினைப் பிளாஸ்டிக் அட்டையால் அழுத்தித் துளைகளுக்குள் தேய்த்து நிரப்புதலே நன்று. அதன்பின், முந்தைய பூச்சு விரலில் ஒட்டாமலும் ஆனால் விரற்பதிவை ஏற்குமாறும் உள்ள பருவத்தில் அடுத்ததை இடுதல் வேண்டும். மூன்று பூச்சுகள் பெரும்பாலும் போதும்.

மழைக்காலத்தில் வேறோர் இடர் உண்டு. பிசினை இறுகச் செய்யும் அமீன் வகைக் கூட்டுப்பொருள், காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து, இறுகிய பரப்பின்மீது மெழுகு போன்ற பிசுபிசுப்பை உண்டாக்குகின்றது. அதனைக் கழுவாமல் உப்புத்தாளால் தேய்த்தால், பிசுபிசுப்பு கீறல்களுக்குள் புகுந்து அடுத்த பூச்சு ஒட்டாமல் உரியும். இதனை நீக்க வெதுவெதுப்பான நீரே போதும். மலிவான இம்மருந்தைப் பலர் மறந்து விடுகின்றனர்.

இனி வெயிலின் கதைக்கு வருவோம். அறை வெப்பத்தில் இறுகிய எப்பாக்சி, கைக்குக் கெட்டியாகத் தோன்றினாலும் அதன் வேதிவினை முற்றுப்பெறுவதில்லை. இவ்வாறு இறுகிய பிசின்களுள் பல 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் அளவில் இளகத் தொடங்கும். கரிய தகடு கோடை வெயிலில் இவ்வெப்பத்தை எளிதில் எட்டிவிடும். இளகிய பிசினில் எஞ்சிய வினை தொடர, அது மேலும் சுருங்குகிறது. இழைகளோ தம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறாமல் நிற்கின்றன. புரிகளுக்கு இடையே பிசின் மிகுந்துள்ள இடங்கள் அதிகம் தாழ்வதால் நெசவு மேலெழுந்து தெரிகின்றது.

ஆதலின் தேய்ப்பதற்கு முன்னரே பொருளைச் சூடாக்குதல் வேண்டும். பிசின் தயாரித்தவர் குறிப்பிட்ட வெப்பநிலைக்குச் சிறிது சிறிதாக உயர்த்தி, அவர் கூறிய நேரம் வைத்திருந்து, மெல்ல ஆறவிடல் முறை. வெப்பமானி பொருத்திய, காப்பிட்ட பெட்டி இதற்கு உதவும். காவலின்றி அதனை விட்டகலலாகாது. எழ வேண்டிய நெசவுத்தடம் அப்போதே எழுந்துவிடும். பிறகு தேய்த்துச் சமனாக்கினால், பெட்டியின் வெப்பத்தைத் தாண்டாதவரை அது மீண்டும் எழுவது அரிது.

தேய்ப்பதற்கு, வண்ணம் பூசுவோர் வாட்டர் பேப்பர் என்று வழங்கும் தாளையே நீருடன் பயன்படுத்துக. 400 எண்ணில் தொடங்கி 600, 800, 1200, 2000 என ஏறலாம். ஒவ்வொரு தாளும் முந்தையதன் கீறல்களை அறவே நீக்க வேண்டும்; திசையை மாற்றித் தேய்த்தால் எஞ்சியவை கண்ணுக்குத் தெரியும். வழியும் நீர் பால்போல் வெளுத்திருக்கும்வரை பிசினே தேய்கிறது. அது கறுத்தால் தாள் இழையைத் தொட்டுவிட்டது என்று அறிந்து உடனே நிறுத்துக. தொட்ட இழை வலிமை குன்றும். அவ்விடத்தில் மீண்டும் பிசின் பூசியே தொடர வேண்டும். ஈரத் தேய்ப்பினால் தூசியும் அடங்கும். கார்பன் தூசி மூச்சுக்குக் கெடுதி. மின்சாரம் கடத்துவதால் அருகிலுள்ள மின்கருவிகளுக்கும் கேடு. கையுறையின்றிப் பிசினைத் தொட்டுப் பழகியவர்க்கு, நாளடைவில் சிறு துளி பட்டாலும் தோல் தடித்துச் சிவக்கும் ஒவ்வாமை வரலாம்.

இறுதியில் மெருகுக் குழம்பிட்டுத் துணியால் துலக்கினால் பளபளப்பு தோன்றும். வெளியில் வைக்கும் பொருளாயின் வேலை அத்துடன் நின்றுவிடாது. ஞாயிற்றின் புறஊதாக் கதிர்களால் எப்பாக்சி மஞ்சளித்து வெளிறும். அவற்றைத் தடுக்கும் ஒளிபுகு பாலியூரித்தேன் பூச்சு மேலே வேண்டும். இருபகுதிப் பூச்சுகளில் உள்ள ஐசோசயனேட்டு மூச்சுக்குழலைத் தாக்கி ஆஸ்துமாவை உண்டாக்க வல்லது. அதனைப் பள்ளியில் தெளித்தலாகாது. மாணவர் செய்த பொருளை, உரிய முகமூடியும் காற்றோட்டமும் உள்ள மோட்டார் வண்ணக் கூடத்தில் கொடுத்துப் பூசுவித்தலே தக்கது.